பழைய மின்வேதியியல் தரவுக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுதல்: ஒரு செய்முறை

காரைக்குடியில் மின்வேதியியல், அதாவது மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை, ஊரோடு சேர்ந்து வளர்ந்த படிப்பு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை உள்ளூரில் முழுப்பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு; சிக்ரி என்றால் போதும். அங்கும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் பொருள் எளிதில் தொலைந்து போவதில்லை. பெட்டகத்திலோ மச்சிலோ இருக்கத்தான் செய்யும். ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்தும் ஐப்பசி மழையில் பூசணம் பூத்தும் கிடக்கும் பிளாப்பி வட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. அப்படியொரு பெட்டி உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் மின்வேதியியலிலிருந்து வந்தாலும், 1980களிலும் 1990களிலும் கணினியில் பதிந்த எந்த அறிவியல் தரவுக்கும் இந்த முறை பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எண்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது இந்த வேலையில் சிறிய பங்குதான். அந்த எண் எந்த அலகில், எந்த மின்முனையை ஒப்பிட்டு, எந்தக் குறி மரபில் எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடித்து எண்ணோடு சேர்த்துக் கட்டிவைப்பதே பெரிய பங்கு. அது இல்லாமல் மாற்றப்பட்ட கோப்பு பளபளப்பாகத் திறக்கும். ஆனால் அதை நம்பி யாரும் ஒரு முடிவு எழுத முடியாது.

மூலத்தைப் பாதுகாத்தல்

வட்டுகளைக் கணினியில் போடும் முன் ஒவ்வொன்றையும் இரு புறமும் புகைப்படம் எடுத்து, பென்சிலால் வரிசை எண் எழுதிய உறையில் இடுங்கள். மேல்சீட்டில் பேனாவால் எழுதியிருக்கும் இரண்டு சொற்கள்தான் பல நேரங்களில் அந்தச் சோதனையைப் பற்றிய ஒரே சான்றாக இருக்கும். பசை காய்ந்து சீட்டு உதிர்ந்துவிட்டால் எந்த வட்டு எதுவென்று சொல்ல ஆள் இருக்காது. அதே பெட்டியில் ஆய்வகக் குறிப்பேடு, வரைபடத்தாள், ஆய்வேட்டின் தட்டச்சுப் படி எது இருந்தாலும் அதைப் பிரித்து வைக்க வேண்டாம். பிறகு வரப்போகும் சிக்கல்களில் பாதியை அந்தத் தாள்களே தீர்க்கும்.

எழுத்துத் தடையை முதலிலேயே போட்டுவிடுங்கள். மூன்றரை அங்குல வட்டில் மூலையிலுள்ள சிறு சன்னல் திறந்திருந்தால் அதில் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல வட்டில் இதற்கு நேர்மாறாக, பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வட்டின் காந்தப் பரப்பில் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது பூசணம். அந்த வட்டை இயக்கியில் போட்டால் படிக்கும் முனை பரப்பைச் சுரண்டிவிடும், அடுத்து வரும் நல்ல வட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கும் வரை அது உறையிலேயே இருக்கட்டும்.

மூன்றரை அங்குல வட்டுகளைப் படிக்க யுஎஸ்பி இயக்கிகள் இன்னும் கிடைக்கின்றன. ஐந்தேகால் அங்குலத்துக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பழைய இயக்கி ஒன்றைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசில் போன்ற இடைமுகப் பலகை வழியாக இணைக்க வேண்டும். 360 கிலோபைட் வட்டும் 1.2 மெகாபைட் வட்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதால் சீட்டைப் பாருங்கள். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுக்க வேண்டாம். முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பதுதான் சரி, ஏனெனில் அழிக்கப்பட்ட கோப்புகளின் எச்சமும் கோப்புகளின் தேதியும் அதில் மட்டுமே தப்பிப் பிழைக்கும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கு ஏற்றது: எளிதாகப் படிக்கும் பகுதிகளை முதல் சுற்றில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும், படிக்க முடியாத இடங்கள் எவை என்பதையும் தனிக் கோப்பில் எழுதி வைக்கும். அந்தப் பட்டியலை எறிந்துவிடாதீர்கள், ஏனெனில் பின்னர் தரவின் நடுவில் ஒரு குழி தென்பட்டால் அது சோதனையில் ஏற்பட்டதா வட்டில் ஏற்பட்டதா என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம்.

பிம்பம் எடுத்த கையோடு அதற்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் மதிப்பை (கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு எழுதி வையுங்கள். அதன் பிறகு செய்வதெல்லாம் பிம்பத்தின் நகலில்தான். அதையும் படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்க வேண்டும்.

கோப்பு எந்த இனம் என்று அறிதல்

கோப்புப் பெயரின் பின்னொட்டை நம்பி இறங்க வேண்டாம். விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் எட்டெழுத்துப் பெயருக்குப் பின் மூன்றெழுத்தை எழுதுபவர் விருப்பப்படி வைத்தார்கள். தரவு என்று பொருள்படும் பின்னொட்டுக்குள் வெறும் எழுத்துக் கோப்பும் இருக்கலாம், எண்களைக் கணினியின் உள்வடிவத்திலேயே எழுதிய இருமக் கோப்பும் இருக்கலாம். பதினாறடிமான எண்களில் கோப்பைக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் முதல் இருநூறு பைட்டுகளைப் பாருங்கள். எண்களும் இடைவெளிகளும் வரி முடிவுகளும் கண்ணுக்குத் தெரிந்தால் அது எழுத்துக் கோப்பு. லோட்டஸ் 1-2-3 தாள்களையும் டிபேஸ் அட்டவணைகளையும் லிப்ரெஆஃபிஸ் இன்றும் நேரடியாகத் திறக்கிறது, ஆகவே அவற்றில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தேதி மட்டும் கவனம்: லோட்டஸ் 1900ஆம் ஆண்டைத் தவறாக லீப் ஆண்டு என்று எண்ணியது, எக்செல் அந்தப் பிழையை அப்படியே வாங்கிக்கொண்டது, ஆகவே வரிசை எண்ணாக இருக்கும் தேதிகளை நீங்களே நிரல் எழுதி மாற்றுவதானால் 1899 டிசம்பர் 30ஐ அடியாக வைத்து எண்ணுங்கள். 1900 மார்ச் முதல் நாளிலிருந்து வரும் எல்லாத் தேதிகளும் சரியாக வரும்.

எழுத்துக் கோப்புகளில் உள்ள கண்ணிகள்

எழுத்துக் கோப்புதானே என்று அலட்சியம் வேண்டாம். ஃபோர்ட்ரான் நிரல் எழுதிய ஒரு வரி இப்படி இருக்கக்கூடும்:

 -0.2500  -12.3456-123.45670.1234டி-04

இதில் நான்கு எண்கள் இருக்கின்றன. ஃபோர்ட்ரானுக்கு இடைவெளி ஒரு பிரிப்பான் அல்ல. எட்டு எழுத்து, பத்து எழுத்து என்று அகலம் வகுத்து எழுதும். குறைக்குறியோடு எண் நீண்டுவிட்டால் முன்னதோடு ஒட்டிக்கொள்ளும். எண் ஒதுக்கிய அகலத்துக்குள் அடங்காவிட்டால் நட்சத்திரங்களை நிரப்பிவிடும். அந்த மதிப்பு சோதனையின்போதே தொலைந்தது, அதை மீட்க வழியில்லை, காலியிடம் என்றுதான் குறிக்க வேண்டும். கடைசியில் வரும் டி என்ற எழுத்து இரட்டைத் துல்லிய அடுக்கைக் குறிப்பது. பைதான் நிரல்மொழி அதை எண்ணாக ஏற்காது, ஆகவே ஈ என்ற எழுத்தாக மாற்றிய பிறகே படிக்க வேண்டும். அடுக்கு மூன்று இலக்கமாகிவிட்டால் சில நிரல்கள் அந்த எழுத்தையே விட்டுவிட்டு 0.1234-104 என்று எழுதும், இதைக் கழித்தல் என்று எண்ணி ஏமாந்துவிடக்கூடாது. இடைவெளியை வைத்துப் பிரிக்கும் கட்டளை இவ்வரியை இரண்டே துண்டாக்கி, நெடுவரிசைகளையும் இடம் மாற்றிவிடும். பைதானின் பாண்டாஸ் நூலகத்தில் நிலையான அகலத்தில் படிக்கத் தனிக் கட்டளை உண்டு. அகலங்களை மூல நிரலின் ஃபார்மட் வரியிலிருந்து எடுங்கள். மூல நிரல் கிடைக்காவிட்டால், சமஅகல எழுத்துருவில் நூறு வரியை அச்சிட்டு, அளவுகோல் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

டாஸ் கோப்புகளின் இறுதியில் 1ஏ என்ற பைட் அடிக்கடி நிற்கும். அது கோப்பு முடிந்தது என்பதற்கான அடையாளம். இரண்டு கோப்புகளை ஒட்டிச் சேர்த்திருந்தால் அது நடுவிலும் வந்து நிற்கலாம், சில நிரல்கள் அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடும். வரிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததில் பாதியாக இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

இல்லாத மதிப்புக்கு அவரவர் ஒரு எண்ணை வைத்திருந்தார்கள்: -999, 99.99, சிலர் வெறும் 0. முதல் இரண்டைக் கண்டுபிடிப்பது எளிது. சுழியம்தான் தொல்லை, ஏனெனில் மின்னோட்டம் உண்மையிலேயே சுழியமாக இருக்கக்கூடும். அத்தகைய நெடுவரிசையில் சுழியங்கள் எந்தெந்த நேரத்தில் வருகின்றன என்று பாருங்கள். எல்லா நெடுவரிசைகளும் ஒரே நேரத்தில் சுழியமானால் மின்தடை அல்லது கருவி நின்றது என்று கொள்ளலாம். ஐயமிருந்தால் எண்ணை மாற்றாமல், பக்கத்தில் ஐயக்குறி நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள்.

மண் மாதிரி, கிணற்று நீர் மாதிரி போன்றவற்றில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்திருந்தால் இன்னொரு வேலை சேரும். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம், இவை தவிர ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்தின் சொந்தக் குறியேற்றம் என்று பல இருந்தன. குறியேற்றம் தெரியாவிட்டால், கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று அங்கே இருந்தாக வேண்டிய ஊர்ப்பெயரை வைத்து எந்த மாற்றி அதைச் சரியாகத் தருகிறது என்று சோதித்துப் பாருங்கள். மாற்றிய பின் பழைய பைட்டுகளைக் கொண்ட நெடுவரிசையையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இருமக் கோப்புகள்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே எண்ணைப் பல விதமாக எழுதும் பழக்கம் இருந்தது; 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரம் எல்லாருக்கும் பொதுவாக நிலைபெறச் சில ஆண்டுகள் ஆயின. ஜிடபிள்யூ-பேசிக்கில் எழுதிய நிரல்கள் மைக்ரோசாஃப்டின் சொந்த வடிவத்தில் எண்களைச் சேமித்தன. 1.0 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஇஇஇ வடிவத்தில், சிறுமுனை முதலாக (மதிப்பில் சிறிய பைட் முன்னால் வரும்படி), அது 00 00 80 3எஃப் என்று வரும். பேசிக் வடிவத்தில் 00 00 00 81 என்று வரும். பின்னதை முன்னதென்று நினைத்துப் படித்தால் 1.0க்குப் பதிலாக ஏறத்தாழ -2.35 × 10⁻³⁸ கிடைக்கும். கோப்பில் 10⁻³⁸ஐ ஒட்டிய குறை மதிப்புகள் நிறைய வந்தால் தரவு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேசிக் வடிவமா என்று பாருங்கள். மாற்றும் முறை சுருக்கமானது: நான்காவது பைட் அடுக்கு, அதிலிருந்து 129ஐக் கழிக்க வேண்டும், மூன்றாவது பைட்டின் மேல் பிட் குறி, எஞ்சிய 23 பிட்டுகள் பின்னப்பகுதி, அதன் முன்னால் எழுதப்படாத ஒரு 1 உண்டு. அடுக்கு பைட் 0 என்றால் எண் சுழியம்.

ஃபோர்ட்ரானின் வடிவமற்ற கோப்புகளில் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இது பொதுவாக நான்கு பைட். 80 பைட் பதிவு என்றால் (பதினாறடிமானத்தில் 80 என்பது 50) தொடக்கத்தில் 50 00 00 00 அல்லது 00 00 00 50 என்று தெரியும். முன்னது சிறுமுனை முதல், பின்னது பெருமுனை முதல். தவறான திசையில் படித்தால் பதிவின் நீளம் 134 கோடிக்கு மேல் என்று வரும், அதை வைத்தே திசையை உடனே அறிந்துகொள்ளலாம். இவ்வகைக் கோப்புகளைப் படிக்க பைதானின் சைபை நூலகத்தில் ஆயத்த வசதி இருக்கிறது. டாஸில் இயங்கிய மைக்ரோசாஃப்ட் ஃபோர்ட்ரானின் கோப்புகளுக்கு அது உதவாது. அக்கோப்பின் முதல் பைட் 75, கடைசி பைட் 130 (இவை பத்தடிமான எண்கள்); நடுவில் தரவு 128 பைட்டுக்கு மேற்படாத துண்டுகளாக, ஒவ்வொன்றின் இருபுறமும் ஒரு பைட் நீளக் குறியோடு இருக்கும். நீளக் குறி 129 என்றால் 128 பைட் உள்ளது, பதிவு அடுத்த துண்டிலும் தொடர்கிறது என்று பொருள். இதற்கு இருபது வரியில் ஒரு நிரலை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

கணினியில் செருகிய தரவேற்பு அட்டை எழுதிய கோப்புகளில் மின்னழுத்தமே இருக்காது. 0 முதல் 4095 வரையிலான முழு எண்கள்தான் இருக்கும், ஏனெனில் அக்காலத்து அட்டைகள் பலவும் 12 பிட் அட்டைகள். அட்டை ±5 வோல்ட்டில் அமைக்கப்பட்டிருந்தால் ஒரு படி 10/4096, அதாவது 2.44 மில்லிவோல்ட்; எண்ணிலிருந்து 2048ஐக் கழித்துப் பெருக்கினால் வோல்ட் கிடைக்கும். அட்டை ±10 வோல்ட்டில் இருந்திருந்தால் விடை இரு மடங்காகும். இது கோப்பில் எங்கும் எழுதியிராது, அட்டையின் ஜம்பரில் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்புத் துண்டில்) இருந்த செய்தி. மின்னோட்டத்துக்கு இன்னொரு படி: மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவியின் மின்னோட்ட வீச்சு 1 மில்லிஆம்பியரா 10 மில்லிஆம்பியரா என்பது முன்பலகைக் குமிழைத் திருப்பி வைத்தவருக்கும் குறிப்பேட்டுக்கும் மட்டும் தெரிந்தது. ஆகவே எண்ணிக்கைகளை அப்படியே ஒரு நெடுவரிசையில் வைத்து, மாற்றக் காரணியைத் தனியே எழுதி, கணக்கிட்ட மதிப்பை அடுத்த நெடுவரிசையில் வையுங்கள். காரணி தவறென்று பின்னால் தெரிந்தால் திருத்த இடமிருக்கும்.

எண்ணின் பொருள்

மின்னழுத்தம் -0.350 வோல்ட் என்று கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்முனையின் மின்னழுத்தத்தைத் தனியே அளக்க முடியாது, ஒப்பீட்டு மின்முனை ஒன்றோடு ஒப்பிட்டே அளப்பார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் அரிமானத்தை (துருப்பிடிப்பை) மதிப்பிடும் ஏஎஸ்டிஎம் சி876 முறையில், செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை ஒப்பிட்டு -350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அரிமானம் நடக்கிறது என்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண்டு. அந்த மின்முனை திட்ட ஹைட்ரஜன் மின்முனையைவிட ஏறத்தாழ 0.316 வோல்ட் மேலே இருக்கிறது. நிறைவுற்ற கலோமல் மின்முனையோ 25 டிகிரி செல்சியஸில் 0.241 வோல்ட் மேலே. இடைவெளி 75 மில்லிவோல்ட். ஆகவே கலோமலை ஒப்பிட்டு அளந்தவருக்கு அதே எல்லை -275இல் வந்துவிடும். கோப்பிலுள்ள -0.300 என்ற எண் கலோமலுக்கானது என்றால் கம்பி அரிக்கிறது. செம்பு சல்பேட்டுக்கானது என்றால் உறுதியாகச் சொல்ல முடியாத இடைவெளியில் நிற்கிறது. ஒரு கட்டடத்தைப் பற்றிய தீர்ப்பே இப்படி மாறும்போது, ஒப்பீட்டு மின்முனை எது என்று எழுதாத மின்னழுத்த நெடுவரிசையை முழுமையான தரவு என்று நான் ஏற்கமாட்டேன். வெள்ளி-வெள்ளி குளோரைடு என்றால் நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடில் 0.197 வோல்ட், கரைசலின் செறிவு குறைந்தால் இது மாறும், ஆகவே செறிவையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது மின்னோட்டத்தின் குறி. பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபிஏசியின் மரபில் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் நேர். பாதரசத் துளி மின்முனையில் அளக்கும் போலரோகிராஃபி வழி வந்த பழைய அமெரிக்க மரபில் ஒடுக்க மின்னோட்டம் நேர், மின்னழுத்த அச்சும் வலமிருந்து இடமாக ஓடும். நகரத்தார் பேரேட்டில் எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்று தெரியாமல் தொகையை மட்டும் நகலெடுத்தால் கணக்கு என்னவாகும்? இங்கும் அதுதான். மாறுமின்னோட்டத்துக்கான மின்தடுப்பை அளக்கும் இம்பீடன்ஸ் கோப்புகளிலும் இந்தக் குழப்பம் உண்டு: கற்பனைப் பகுதியைச் சிலர் குறியோடும், நைக்விஸ்ட் வரைபடத்தில் மேல்நோக்கி வரைய வசதியாகச் சிலர் குறி மாற்றியும் சேமித்தார்கள். அதிர்வெண் ஹெர்ட்ஸிலா, வினாடிக்கு ரேடியனிலா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 6.283 மடங்கு வேறுபாடு.

அரிமான வீதத்துக்கு அலகுகள் ஏராளம். சிக்ரிக்கு மண்டபத்தில் கடலோர அரிமானச் சோதனை நிலையம் உண்டு. அப்படிப்பட்ட வெளிச் சோதனைகளில் தகடுகளின் எடை இழப்பை ஒரு நாளைக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கும் வழக்கம் உண்டு, ஆண்டுக்கு இத்தனை மில் என்று குறிப்பதும் உண்டு. மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர், மில்லிமீட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் அலகை ஆண்டுக்கு மில்லிமீட்டராக்க, 0.0365ஆல் பெருக்கி உலோகத்தின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். எந்த அடர்த்தியைப் போட்டீர்கள் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். மூல அலகிலுள்ள நெடுவரிசை அப்படியே இருக்க, மாற்றியது அதன் பக்கத்தில் புதிதாக நிற்க வேண்டும்.

தேதிக்கும் இதே கவனம் வேண்டும். 03-04-91 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கக் கருவியோடு வந்த நிரலுக்கு மார்ச் 4. ஒரு கோப்புத் தொகுப்பில் எங்காவது 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேடினால் முறை புலப்படும். எல்லாக் கோப்புகளும் 1980 ஜனவரி 1 என்று காட்டினால், கணினியின் உள்மின்கலம் செத்துப்போயிருந்தது என்று கொள்ளுங்கள். டாஸின் காலம் அங்கேதான் தொடங்குகிறது. தேதி உறுதியானால் 1991-04-03 என்ற வரிசையில், நேரத்தோடு +05:30 என்று சேர்த்து எழுதுங்கள்.

இவற்றையெல்லாம் கோப்பிலிருந்தே ஊகிப்பதைவிட, சோதனை செய்தவர் இருந்தால் அவரிடம் போய்க் கேட்பது நல்லது. கேட்கும் விதம் முக்கியம். 'ஐயா, அலகு என்ன?' என்று கேட்டால் நினைவில்லை என்றுதான் சொல்வார். குறிப்பேட்டையும் நீங்கள் வரைந்த வரைபடத்தையும் முன்னால் வைத்து, எந்த அறையில், எந்தக் கருவியில், யார் உடனிருந்தபோது அளந்தது என்று கேளுங்கள். கருவி நினைவுக்கு வந்தால் அதன் வீச்சும் மின்முனையும் தானாகவே நினைவுக்கு வரும். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே தேதியிட்டு எழுதுங்கள். கோப்பில் கண்டது, நிறுவியது, கேட்டது மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது.

எந்த வடிவத்துக்கு மாற்றுவது

சில ஆயிரம் வரிகளுக்குள் அடங்கும் அட்டவணை என்றால் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சிஎஸ்வி கோப்பும், அதன் பக்கத்தில் அலகு, மின்முனை, குறி மரபு எல்லாம் எழுதிய ஜேசன் அல்லது எளிய எழுத்துக் கோப்பும் போதும். நூற்றுக்கணக்கான ஓட்டங்கள், அல்லது ஓட்டத்துக்கு ஒரு லட்சம் புள்ளிகள் என்றால் எச்டிஎஃப்5 பொருத்தம். ஒவ்வொரு தரவுத் தொகுதியோடும் அதன் விளக்கத்தைப் பண்பாக ஒட்டி ஒரே கோப்புக்குள் வைக்கலாம். வானிலை, கடல் தரவுக்காரர்களுக்கு நெட்சிடிஎஃப் பழக்கம். அதன் நான்காம் பதிப்பு எச்டிஎஃப்5 மேல்தான் கட்டப்பட்டது. நிறமாலைகள் 1988இல் வந்த ஜேகேம்ப்-டிஎக்ஸ் வடிவத்தில் ஏற்கெனவே இருந்தால் அவசரமில்லை. அது எழுத்துக் கோப்பு, இன்றும் படிக்கலாம். எக்செல் தாளை இறுதி வடிவமாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமிப்பதும் ஆபத்து: 2-3 என்ற மாதிரி எண் தேதியாகிவிடும், 0012 என்பதன் முன் சுழியங்கள் உதிர்ந்துவிடும்.

துல்லியத்திலும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 32 பிட்டில் இருந்த 0.1ஐ 64 பிட்டுக்கு மாற்றினால் 0.10000000149 என்று தெரியும். புதிதாகத் தோன்றிய இலக்கங்களை யாராவது அளவீடு என்று நினைத்துவிடுவார்கள். மூலம் 32 பிட் என்றால் 32 பிட்டாகவே வைக்கலாம். எழுத்துக் கோப்பில் 1.20 என்று இருந்ததை 1.2 என்று சுருக்குவதும் தகவல் இழப்புதான்.

சரிபார்த்தல்

வரிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு நெடுவரிசையின் சிறும, பெரும மதிப்பு, கூட்டுத்தொகை ஆகியவை மூலத்திலும் மாற்றியதிலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. இதை நிரலே செய்யட்டும். ஆனால் அளவுகோலே தவறாக இருந்தால் இந்தச் சோதனையில் அது பிடிபடாது. அதற்கு இயற்கையின் எண்களைத் துணைக்கு அழைக்க வேண்டும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் எடுத்த சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதியும் முறை) ஓட்டம் ஒன்று தொகுப்பில் இருந்தால் அதை வரையுங்கள். ஒரு எலக்ட்ரான் மீள்வினையில் இரு முகடுகளின் இடைவெளி 25 டிகிரியில் கோட்பாட்டின்படி 59 மில்லிவோல்ட். நடைமுறையில் 60 முதல் 80 வரை வரும். உங்கள் வரைபடத்தில் 130 என்று வந்தால் ±5 எங்கே, ±10 எங்கே என்று திரும்பிப் பாருங்கள். மின்முலாம் தரவு என்றால் இன்னும் நல்லது: மின்னோட்டத்தை நேரத்தின் மேல் தொகையிட்டு, குறிப்பேட்டில் எழுதிய எடை உயர்வோடு ஒப்பிடலாம். ஒரு ஆம்பியர்-மணிக்குச் செம்பு 1.186 கிராம் படியும் என்பது ஃபாரடே விதி. இதைவிட அதிக எடை படிந்ததாக வந்தால் மின்னோட்ட வீச்சு தவறு. பத்தில் ஒரு பங்குதான் என்றால் அநேகமாக அப்போதும் அதுதான் தவறு.

ஆய்வேட்டில் ஒட்டிய அச்சு வரைபடம் இருந்தால் உங்கள் வரைபடத்தை அதே அளவில் அச்சிட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறி மரபு தலைகீழானது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சேமித்தலும் பகிர்தலும்

வட்டுப் பிம்பம், பிரித்தெடுத்த மூலக் கோப்பு, மாற்றிய கோப்பு, மாற்றிய நிரல், விளக்கக் குறிப்பு, ஹாஷ் பட்டியல் ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அதற்கு மூன்று நகல்கள் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், மற்றவர் மேற்கோள் காட்டவும் முடியும். ஆனால் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தது என்பதால் அந்தத் தரவு வீட்டுக்காரருடையது ஆகிவிடாது. சம்பளத்தில் செய்த ஆய்வு என்றால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ இசைவும், தொழிற்சாலை ஒன்றின் நிதியில் செய்தது என்றால் அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனையும் தேவைப்படும். இசைவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை களஞ்சியத்தில் விளக்கக் குறிப்பை மட்டும் பொதுவில் வைத்து, தரவைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே அதைச் செய்துவிடலாம்.